கைகளின் மேல் உட்கார்ந்தவள்

பில் போடும் புரோகிராமின் சூட்சுமம் மெஹருன்னிசாவுக்கு மட்டும்தான் தெரியும். நிக்காஹ் அன்றைக்குக்கூட அவளை விடாமல் ஆபீசிலிருந்து போன் போட்டார்கள். நாளையிலிருந்து பிரசவ லீவு. நாலே பேர் கொண்ட அந்த டீமில் ஒரு வழக்கம்: வேலை கற்றுக்கொடுக்கும்போது தெரிந்தவர் கீபோர்டைத் தொடக்கூடாது, தெரியாதவர்தான் அடிக்க வேண்டும். கருணாகரன் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்த மெஹருன்னிசாவுக்குக் கை பரபரத்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மெஹர், நீயே போட்டுடேன்."

"மாட்டேன். நீ போடு."

ஒருவழியாகத் திரையில் தப்பைக் காட்டிய சிவப்பெல்லாம் பச்சையானது. அவள் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது கீபோர்டின் முன்னால் அதே டீமின் தேன்மொழி திணறிக்கொண்டிருந்தாள். மெஹருன்னிசாவின் நாற்காலியில் கருணாகரன். அவனுடைய கைகள் இரண்டும் தொடைக்கடியில் இருந்தன.

மெஹருன்னிசா போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.