ஆறடி அஸ்திவாரம்

அந்தச் சின்ன நகரத்தில் போலீசை விட நகரமைப்பு அதிகாரிக்குத்தான் ஜனங்கள் அதிகம் பயந்தார்கள். ஊர் மொத்தமும் குடியிருப்பு மண்டலம். வாசலில் நாலு தக்காளியை வைத்து விற்றால் நோட்டீஸ் வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் தோட்டம் கட்டாயம். அதில் ஓரடிக்கு மேல் தோண்ட அனுமதி வேண்டும். தோண்டிய குழியை அதிகாரி வந்து எட்டிப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும்.

அந்த அதிகாரிக்கு ஊர் வைத்த பெயர் சென்டிமீட்டர். எவர் வீட்டு பால்கனியாவது இம்மி நீண்டால் டேப்போடு வந்து நிற்பார். அப்பேர்ப்பட்டவர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒருத்தன் போன வருஷம் வீட்டுக்குள்ளேயே லாரிப் பட்டறை நடத்திவிட்டான்.

"சென்டிமீட்டர் தெரியுது, லாரி தெரியலையா? இன்னொரு தடவை கோட்டை விட்டீங்க, தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று நகராட்சி கமிஷனர் எல்லோர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமே போய்விட்டது.

அதனால்தான் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி வந்து கவுன்ட்டரில் நின்றபோது அவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"தோட்டத்துல உக்கார ஒரு சிமென்ட் மேடை கட்டணுங்க."

"அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்?"

"ஆறடி."

"உக்கார்ற மேடைக்கு ஆறடியா? மேல யானையா உக்காரப் போகுது?"

"எங்க வீட்டுக்காரர் கொஞ்சம் கனமான மனுஷருங்க."

"சரி, அவர் கையெழுத்து எங்க?"

"அவர் ஊர்ல இல்ல."

"எப்ப வருவார்?"

அந்த அம்மாள் மின்விசிறியைப் பார்த்தாள். "அதை நான் எப்படிங்க சொல்றது?" என்றவள், கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏங்க, கான்கிரீட் போட்டு மூடிட்டா அப்புறம் யாராவது உடைச்சுப் பார்ப்பீங்களா?" என்று கேட்டாள்.

சென்டிமீட்டர் மனுவை நிராகரித்த கையோடு அவள் தெருவுக்கே போனார்.

பக்கத்து வீட்டுக்காரர் சந்தோஷமாகவே பேசினார். "அந்தாளு குரலைக் கேட்டே ஒரு வாரம் ஆச்சு சார். தினம் அந்தம்மாவைக் காட்டுக்கத்தல் கத்துவான், கையும் நீட்டுவான். இப்பதான் தெருவே நிம்மதியா இருக்கு."

சென்டிமீட்டர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். தோட்டத்து நடுவில் மண்ணைப் புதிதாகக் கிளறி ரோஜாச் செடி நட்டிருந்தது. மனுவில் அவள் எழுதியிருந்த கணவனின் எண்ணுக்கு விடாமல் போன் அடித்தார். மணி போனதே தவிர யாரும் எடுக்கவில்லை. லாரியைத்தான் விட்டோம், பிணத்தை விடுவோமா என்று நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

மறுநாள் காலையிலேயே இன்ஸ்பெக்டரும் நகராட்சி பொக்லைனும் வந்துவிட்டார்கள். தெருவே மதிலில் ஏறி நின்று வேடிக்கை பார்த்தது. ரோஜாக்கள் வேரோடு போயின. அந்த அம்மாள் சமையலறைப் படியில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலடி வரைக்கும் கிடைத்தது ஓர் உடைந்த கோப்பைதான். இன்ஸ்பெக்டர் போதும் என்று கையைக் காட்டினார்.

"வந்தது வந்துட்டீங்க, இன்னும் ரெண்டடி பார்த்துடுங்களேன்" என்றாள் அவள். "நாளைக்கு ஒரு சந்தேகம் வரக் கூடாது பாருங்க."

ஆறடியிலும் ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் குழிக்குள்ளேயே இறங்கி மண்ணைக் குத்திப் பார்த்துவிட்டு ஏறி வந்தார். அப்போது அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏய்! எவன்டி அவன், தெரியாத நம்பர்லேர்ந்து ஓயாம கூப்பிடறான்? நீ குடுத்தியா என் நம்பரை? வந்தேன்னா தோலை உரிச்சிடுவேன்!"

தெருவுக்கே பழக்கமான குரல். பக்கத்து வீட்டுக்காரர் முகம் தொங்கிப் போனது.

"சென்டிமீட்டர் சார்," என்றார் இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டே, "கூலியில்லாம அம்மாவுக்கு அஸ்திவாரம் வெட்டிக் கொடுத்துட்டீங்க. ரொம்பப் பெரிய மனசு." ஜீப் கிளம்பிப் போயிற்று.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ரோஜாவும் போச்சு, மானமும் போச்சு. நான் கமிஷனரையே போய்ப் பார்க்கறேன்."

தண்ணியில்லாக் காடு சென்டிமீட்டரின் கண்முன்னால் வந்து நின்றது. "அம்மா தாயே, அதெல்லாம் வேண்டாம்" என்று கெஞ்சி, மேடைக்கான அனுமதியை அங்கேயே பொக்லைன் மேல் வைத்து எழுதிக் கொடுத்தார். கணவன் கையெழுத்தைக் கேட்கவே இல்லை.

"மூடறதுக்கு முன்னால மறுபடி வந்து பார்ப்பீங்களா?"

"ஐயோ, அதான் ஊரே பார்த்தாச்சே! இனிமே இந்தக் குழிப் பக்கம் எவனும் தலை வெச்சுப் படுக்க மாட்டான்."

விட்டால் போதும் என்று வாசலுக்கு வந்தவர் காதில், அவள் கணவனோடு போனில் பேசுவது விழுந்தது. அத்தனை திட்டு வாங்கியும் இப்படிக் கொஞ்சுகிறாளே, நமக்கு வாய்த்தது ஒரு நாளாவது இப்படிப் பேசியிருக்குமா என்று அவருக்கு ஏக்கமாகவே இருந்தது.

"கோபப்படாதீங்க, இன்னைக்கே கிளம்பி வந்துடுங்க. விடிஞ்சா கான்கிரீட் லாரி வந்துடும், நீங்க வந்து சேராம நான் அந்தக் குழியை எப்படிங்க மூடறது?"