பின்கதவில் ஒரு கீறல்

"கடைசி நாள்லதான் இவங்க கைவரிசையக் காட்டுவாங்க. நீ வாயத் திறக்காம நில்லு. நான் பேசிக்கறேன்" என்றார் கணவர்.

வெளிநாட்டுச் சுற்றுலா முடிந்து, வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள். விமானத்துக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

ஆபீஸில் அவருக்கு 'ரசீது' என்று பட்டப்பெயர். டீ குடித்த சீட்டைக்கூடக் கிழித்துப் போட மாட்டார். வாடகைக் கார் எடுத்து ஏமாந்தவர்களின் கதைகளை ஒரு மாதம் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் விமானமே ஏறினார்.

ஆறு நாளைக்கு முன்னால் காரை எடுத்தபோது, சுற்றிச் சுற்றி வந்து வீடியோ எடுத்தார். "முன்பக்கம் ஒண்ணுமில்ல. வலது கதவு ஒண்ணுமில்ல. பின்கதவு, ஒரு கீறல்கூட இல்ல" என்று பேச்சு வேறு.

"இன்னொரு டிரைவர் பேர் சேர்க்கணுமா?" என்று கேட்டாள் கவுன்டரில் இருந்த பெண்.

"அதுக்குத் தனியாக் காசா?"

"ஆமா."

"வேண்டாம். நான் ஒருத்தனே ஓட்டிப்பேன்."

மனைவிக்குப் பதினெட்டு வருஷமாகக் கார் ஓட்டத் தெரியும். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"பேர் இல்லாதவங்க தொட்டா இன்சூரன்ஸ் கிடையாது. சாவிப் பக்கமே போகாதே" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

நேற்றுக் காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, விடுதிக்காரர் வந்து கதவைத் தட்டினார். கார் வழியை மறிக்கிறது, வெளியே ஒரு வேன் நிற்கிறது என்று கையைக் காட்டினார். அவள்தான் போய்ப் பத்தடி நகர்த்தினாள். பின்கதவு கேட் தூணில் உரசிவிட்டது. விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

கணவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பணம் போனால் போகட்டும். ஆனால் இனி வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவார். ராத்திரி முழுக்க அவளுக்குத் தூக்கமே இல்லை.

காரைப் பரிசோதிக்க வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். நீலச் சட்டை, நெஞ்சில் அடையாள அட்டை. முழங்கால் வலி போல. குனியும்போதெல்லாம் காரைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே வந்தவரின் கை, பின்கதவில் நின்றது.

கட்டைவிரலால் கீறலைத் தடவினார். அவளைப் பார்த்தார்.

இவள் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேச்சு இவளுக்குப் புரியாது. தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, ஸ்டியரிங் பிடிப்பது போலக் கையைத் திருப்பினாள். பிறகு கணவர் நின்ற பக்கம் பார்த்துவிட்டுச் சட்டென்று கும்பிட்டாள்.

கணவர் காரின் முன் சீட்டில் குடைந்துகொண்டிருந்தார். "பெட்ரோல் போட்ட ரசீது எங்க? ஒரு சாமானை ஒழுங்கா வைக்கத் தெரியாதா உனக்கு?"

ரசீது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது.

பரிசோதகர் கணவரைப் பார்த்தார். பிறகு தன் தாளில் இருந்த கார் படத்தில் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதினார்.

இவ்வளவு கெஞ்சியும் எழுதிவிட்டானே என்று அவளுக்கு அந்த ஆள்மேல் கோபம் வந்தது.

கணவர் தாளை எட்டிப் பார்த்தார். "சொன்னேன்ல? வட்டம் போட்டுட்டான் பாரு."

"விட்டுடுங்க. நேரமாச்சு."

"எல்லாரும் இப்படி விட்டு விட்டுத்தான் ஏமாறறாங்க."

பின்கதவைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "நான் ஒருத்தன்தான் ஓட்டினேன். எங்கயும் இடிக்கல. இவனே சாவியால இழுத்துட்டு எழுதறான். மேனேஜரைக் கூப்பிடு."

பரிசோதகர் வேண்டாம் என்று தலையசைத்தார். எழுதிய வரியை விரலால் காட்டி, ஏதோ தணிந்த குரலில் சொன்னார். கணவர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"நீ பேசாதே" என்றார் கணவர்.

அவளுக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது.

மேனேஜர் அம்மா வந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. கணவர் போனை நீட்டினார்.

"நான் காரை எடுத்த அன்னைக்கு எடுத்தது. தேதியப் பாத்துக்குங்க. பின்கதவுல கீறல் இருக்கா?"

மேனேஜர் வீடியோவை இரண்டு முறை பார்த்தார். "இல்ல."

"அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? உங்க ஆளைக் கேளுங்க."

மேனேஜர் உள்ளே போய்விட்டு வந்தார். தங்கள் மொழியில் பரிசோதகரை ஏதோ கேட்டார். அந்த ஆள் ஒரே ஒரு தடவை மனைவியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

மேனேஜர் கையை நீட்டினார். பரிசோதகர் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, காலை விந்தி விந்தி வெளியே நடந்தார்.

"பாத்தியா? ஆதாரம் கையில இருந்தா எவனும் அசைக்க முடியாது" என்றார் கணவர். மேனேஜரிடம் திரும்பி, "எங்க மேல பாக்கி ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுங்க" என்றார்.

"அது எப்படி சார்? வண்டி கேட்டுக்குள்ள நுழையும்போதே அந்தக் கீறல் இருந்திருக்கு. இப்பதான் கேமராவுல பாத்தேன். அதுக்கு நீங்கதான் பணம் கட்டணும்."

"அப்ப அந்த ஆளை ஏன் வெளிய அனுப்பினீங்க? அவனும் அதைத்தானே எழுதினான்?"

மேனேஜர் தாளை அவர் பக்கம் திருப்பி, அந்த வரியின் கீழ் விரலை வைத்துப் படித்துச் சொன்னார்.

"'பழைய கீறல். இவங்ககிட்ட எதுவும் வாங்க வேண்டாம்.' இதான் சார் அவர் எழுதினது. நீங்க வீடியோ காட்டாம இருந்திருந்தா, நாங்களும் நம்பியிருப்போம்."