றெஜினாவின் தலைமயிர்

லவீனா மயிர் நேராக்குகிற அயனைச் சூடாக்கத் தொடங்கியதும் அப்பா கதிரையை விட்டு எழும்பினார்.

“உது வேண்டாம் பிள்ளை. றெஜினா ஒருநாளும் மயிரைச் சுட்டதில்லை.”

லவீனா என்னைப் பார்த்தாள். குருநகரில் அவளுடைய பார்லருக்கு வரும் பொம்பிளைப்பிள்ளைகளின் சுருட்டை மயிரை முதலில் அயன் பிடித்து நேராக்குவாள். பிறகு அதையே மெஷினால் சுருட்டி விடுவாள். கலியாண வீடென்றால் இப்போது எல்லோருக்கும் இதுதான். அவளும் பாவம், படித்ததைச் செய்கிறாள். அயனை அணைத்து வைத்தாள்.

எனக்கு இன்று கலியாணம் இல்லை. நாற்பது தாண்டிவிட்டது. சுருட்டை மயிர் மட்டும் இன்னும் அடங்கவில்லை. கடற்காற்று பட்டால் பிரிபிரியாக எழும்பி நிற்கும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டம், கூட்டுகிற தும்புத்தடி. இந்தத் தலையைத்தான் எண்பதுகளின் தலையாக்க வேண்டும்.

அம்மாவின் கல்லறைக்குப் படம் இல்லை.

சேமக்காலையில் அந்த வரிசை முழுக்க முகங்கள்தான். பீங்கான் ஓட்டில் படமாகப் பதிந்து, மழைக்கும் வெயிலுக்கும் அழியாமல் எல்லோரும் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவின் கல்லறையில் சிலுவையும் றெஜினா என்ற பெயரும் மட்டும் இருக்கின்றன. நான் பால்குடி மறக்குமுன்பே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த வருடம் ஷெல் விழுந்து வீடு எரிந்தது. படங்களும் அதோடு எரிந்தன.

ஆனால் எந்தப் பூசைக்குப் போனாலும், எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு மாமி என் நாடியைப் பிடித்துச் சொல்லுவா: “கொம்மாவை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கிறாய்.” பக்கத்தில் நிற்கிற அப்பாவும் ஓம் என்று தலையாட்டுவார்.

அதனால் எனக்கு இந்த யோசனை வந்தது. அம்மாவைப் போலத் தலை இழுத்து, என்னைப் படமெடுத்து, அதைக் கல்லறையில் பதிப்பது. சுவாமியாரிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

உண்மையில் கல்லறை ஒரு சாட்டு. எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

அப்பா சொல்லச் சொல்ல லவீனா செய்தாள். மயிரை நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, விரலில் சுற்றித் தலையோடு ஒட்டக் கிளிப் குத்தினாள். காய்ந்த பிறகு அவிழ்த்து, பல் அகன்ற சீப்பால் இழுத்தாள். என் தும்புத்தடி அலை அலையாகத் தோளில் விழுந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. முன்மயிரைத் தூக்கிப் பஃப் வைத்தபோது அப்பா கிட்ட வந்து நின்றுகொண்டார்.

“இன்னும் கொஞ்சம் உயர. காதுக்கு மேலை ஒரு சுருள் தனிய விழோணும். அந்தப் பக்கம் இல்லை, வலப்பக்கம்.”

அம்மாவைப் பற்றி எப்போது கேட்டாலும் அப்பா இப்படித்தான். கூந்தலில் தொடங்கிக் கூந்தலில் முடிப்பார். அவருக்கு அதில் அவ்வளவு பைத்தியம் என்று நினைத்து நானும் சிரித்திருக்கிறேன்.

“அங்கிள், மூக்கு கீக்கு வேறையெண்டால் சொல்லுங்கோ,” என்றாள் லவீனா. “ஆப்பிலை திருத்தலாம். அக்கான்ரை வயசையும் குறைச்சு விடுறன்.”

“நீ மயிரைப் பார் பிள்ளை,” என்றார் அப்பா.

கடைசிப் பின்னையும் குத்திவிட்டு அவள் விலகினாள். நான் கண்ணாடியைப் பார்த்தேன்.

நெற்றி திறந்து, முன்மயிர் உயர்ந்து, காதோரம் ஒரு சுருள் விழுந்து, யாரோ ஒருத்தி அங்கே இருந்தாள். என்னைப் பார்த்தாள். அம்மா என்று கூப்பிட வேண்டும் போல இருந்தது. அந்தச் சொல்லை நான் ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னதே இல்லை. வெட்கத்தில் அப்போதும் சொல்லவில்லை.

லவீனா பின்னால் வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டு போனை எடுத்தாள். நான் கதிரையோடு அப்பாவின் பக்கம் திரும்பினேன்.

“அப்பா, அம்மா இப்பிடித்தானே?”

அவர் முதலில் பஃப்பைப் பார்த்தார். காதோரச் சுருளைப் பார்த்தார். இரண்டுக்கும் தலையாட்டினார். பிறகு அவருடைய கண் என் முகத்துக்கு இறங்கியது. அங்கேயே நின்றது.

“தலை சரி பிள்ளை. அச்சு அவள்தான்,” என்றார்.

“முகம்?”



“முகம் எனக்கு எப்பவோ மறந்து போட்டுது. சனம் உன்னைப் பார்த்துச் சொல்லேக்கை நானும் ஓம் எண்டு தலையாட்டினனான்.”

இந்த உலகத்தில் அம்மாவைப் பார்த்த கண்கள் என் வீட்டில் இருக்கின்றன என்றுதான் நான் இவ்வளவு காலமும் நம்பியிருந்தேன். அவர்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். அழுகைதான் வந்தது.

லவீனா போனைத் தூக்கினாள். அப்பா கையைக் காட்டி அவளை மறித்தார். குனிந்து தன் இடுப்புச் சாரத்தின் நுனியால் என் கன்னத்தைத் துடைத்தார்.

“அழாதை பிள்ளை, முகம் மாறுது. கொஞ்ச நேரம் உப்பிடியே இரு. நான் பார்த்து வைக்கிறன்.”

நான் அசையாமல் இருந்தேன்.