பூச்சி மாத்திரை

மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் விழுங்கினாள் சரசு. மேடம் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

குவைத்தில், மங்காஃபில் அந்த வீட்டு மூத்த பெண்ணுக்கு வயிற்றில் பூச்சி. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருமே மாத்திரை போடவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூச்சி வந்ததே வேலைக்காரி கையிலிருந்துதான் என்பது மேடத்தின் முடிவு. சாயங்கால அசர் தொழுகைக்குள் விழுங்காவிட்டால் ஏஜென்சி ஆபீசுக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லி, இன்னொரு மாத்திரையை வைத்துவிட்டுப் போனாள்.

ஏன் விழுங்கவில்லை என்று சொல்ல சரசுவுக்கு அரபி தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

மேடத்தின் கைக்குழந்தை ஃபவாஸைத் தோளில் போட்டுக்கொண்டு, மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். டிரைவர் மீரா சாகிப் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழக்கரைக்காரர். அந்த வீட்டில் அவளோடு தமிழ் பேச அவர் ஒருவர்தான்.

"பாய், மருந்துக் கடைப் பக்கம் போனா ஒண்ணு கேட்டுட்டு வாங்க. பால் குடுக்குற தாய் இந்தப் பூச்சி மாத்திரை போடலாமா? புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

மேடத்துக்காகக் கேட்கிறாள் என்று நினைத்தார் அவர்.

"நல்ல மனசு தங்கச்சி உனக்கு. உன்னை இந்த விரட்டு விரட்டுறவளுக்காக நீ கவலைப்படுறே."

அப்படியே ஃபவாஸுக்குப் பால் பவுடர் டின் வாங்கி வரட்டுமா என்றார். முன்பெல்லாம் வாரம் ஒன்று வாங்குவார். வேண்டாம், போன மாதத்து டின்னே பாதி கிடக்கிறது என்றாள் சரசு.

அரை மணியில் திரும்பி வந்தார். மருந்து குடலோடு நின்றுவிடுமாம். பாலில் சேருவது ரொம்பக் கொஞ்சமாம், பயப்பட வேண்டாமாம், பால் கொடுப்பதையும் நிறுத்த வேண்டாமாம். சரசு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். மூன்றாவது தடவையும் கேட்டாள். பிறகு அவர் கண் முன்னாலேயே மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினாள்.

மீரா சாகிப்புக்கு வழியில்தான் ஒரு யோசனை தட்டியிருந்தது.

"ஏன் தங்கச்சி, மேடம்தான் பெத்த நாள்லேர்ந்து பால் குடுத்ததே இல்லையே. இந்தப் புள்ள புட்டிப்பால் தானே குடிக்குது?"

தோளில் இருந்த ஃபவாஸ் நெளிந்து அவள் மார்புக்குச் சரிந்து, யூனிஃபார்ம் பட்டனைப் பிடித்து இழுத்தான். சரசு மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு அவன் கையை மெதுவாக விலக்கினாள்.

"புட்டிப்பால் குடிக்கிறது எம் புள்ள, பாய். ஊர்ல."