மூன்றாவது ஸ்பூன்

"நாக்கு நுனியில வெச்சிப் பார்த்துட்டுத் துப்பிடேன் சைரா. நோன்புலயும் சமைக்கிறவங்க அப்படிப் பார்க்கலாம்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்தே சொல்லியிருக்காரே," என்றான் கணவன் நசீர் அகமது, பேரீச்சம்பழங்களைத் தட்டில் அடுக்கியபடி.

"பார்க்கலாம்தான். எனக்கு மனசு வரலியே," என்றாள் சைரா. அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்ப போன வருஷம் மாதிரி ஆயிட்டா என்னைக் கேக்காதே."

போன வருஷக் கதை இன்னும் சைராவின் நினைவில் இருந்தது. கைமா கறியை வதக்கும்போது ஒருமுறை உப்புப் போட்டவள், அதை மறந்து, கஞ்சி கொதிக்கும்போது இன்னொரு முறை போட்டுவிட்டாள். மாமியார் அன்வரி பேகம் ஒரு வாய் குடித்துவிட்டு, சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும் கோப்பையைக் கீழே வைத்தார். அன்றிலிருந்து அவருடைய ஒவ்வொரு போனும் "உப்பைப் பார்த்துப் போடும்மா" என்றுதான் முடிந்தது.

இன்று மகள் ஷிபாவுக்கு முதல் நோன்பு. அவள் நோன்பு திறப்பதைப் பார்க்க அன்வரி பேகம் பேரணாம்பட்டில் பஸ் ஏறிவிட்டார். போன வருஷத்துக்குப் பிறகு உப்புப் பார்த்துச் சொல்லிவரும் ஷிபாவின் நாக்குக்கும் இன்று லீவு.

"யோகா! இங்க வாம்மா."

பக்கத்து வீட்டு யோகலட்சுமி ஓடி வந்தாள். ஷிபாவோடு மூன்றாம் வகுப்பு படிப்பவள். அவள் அம்மா ஜோதிக்கு ஷூ கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம். அதனால் யோகாவும் நாலு வயதுத் தம்பி விஷ்ணுவும் காலையிலிருந்து, டிபன் பாக்ஸோடு, இங்கேதான்.

"கஞ்சிக்கு உப்புப் பார்த்துச் சொல்லணும். இந்த வீட்டுல நோன்பு இல்லாதவங்க நீங்க ரெண்டு பேர்தான்."

யோகா ஷிபாவைப் பார்த்தாள். ஷிபா மின்விசிறியைப் பார்த்தாள்.

"நல்லாக் கேட்டுக்கோ," என்றாள் சைரா. "உப்பைச் சேர்க்கலாம், எடுக்க முடியாது. அதனால பாதிதான் போட்டிருக்கேன். பத்தலைன்னா சொல்லு, ஒரு சிட்டிகை போடுறேன். சரியாகுற வரைக்கும் இப்படியே பார்ப்போம்."

"தேங்காப்பால் ஊத்திட்டீங்களா ஆன்ட்டி?"

"ஊத்திட்டேன். பால் உப்பை அடக்கிடும். அதுக்கு முன்னாடி பார்த்தா ஏமாந்துதான் போவோம். இந்தா, பிடி."

யோகா ஸ்பூனை வாங்கி ஊதினாள். "ரொம்பச் சுடுது ஆன்ட்டி. வாசல்ல ஆற வெச்சிப் பாக்குறேன்."

வாசலில் விஷ்ணு பூந்தொட்டிகளுக்கு நடுவே பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஷிபாவும் யோகாவின் பின்னாலேயே போனாள். கொஞ்ச நேரத்தில் காலி ஸ்பூன் திரும்பி வந்தது.

"பத்தலை ஆன்ட்டி."

சைரா ஒரு சிட்டிகை போட்டுக் கிளறி, வேறு ஸ்பூனில் கொடுத்தாள். இந்த முறை இன்னும் நேரம் ஆனது.

"இப்பவும் பத்தலை."

"நெஜமாவா? நல்லாப் பார்த்தியா?"

"நல்லாப் பார்த்தோம் ஆன்ட்டி."

சைரா உப்பு டப்பாவை மறுபடி திறந்தாள். இன்னொரு சிட்டிகை. போன வருஷத்துக் கோப்பை கண் முன்னால் வந்து போனது. மூன்றாவது ஸ்பூனோடு போனவர்களின் சிரிப்புச் சத்தம் வாசலிலிருந்து கேட்டது. யோகா ஓடி வந்தாள்.

"இப்ப கரெக்டு! இதுக்கு மேல போடாதீங்க."

நசீர் சிரித்தான். "எட்டு வயசுப் பொண்ணை நம்பி ஒரு குண்டான் கஞ்சி. உனக்குத் தைரியம் ஜாஸ்திதான்."

"சும்மா இருங்க. நானே பேஜார்ல இருக்கேன்."

மாலையில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. எல்லோரும் விரிப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அன்வரி பேகம் பேத்தியின் வாயில் முதல் பேரீச்சம்பழத்தை ஊட்டி, நெற்றியில் முத்தம் கொடுத்தார். தானும் ஒன்றைச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்தார். பிறகு கஞ்சிக் கோப்பையை எடுத்தார்.

ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார்.

சைரா முந்தானை நுனியைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். நசீர் சமோசாவை ரொம்பக் கவனமாகப் பார்த்தான்.

அன்வரி பேகம் இன்னொரு வாய் குடித்தார். பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா."

ஒரு வருஷமாகச் சைராவின் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு ஒரேயடியாக வெளியே வந்தது. ஊற்றும்போது கொஞ்சம் விரிப்பிலும் சிந்தியது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"உப்பு அளந்து போட்ட மாதிரி இருக்கு. யாரு பார்த்துச் சொன்னது?"

"நம்ம யோகாதான் மாமி," என்றாள் சைரா பெருமையாக.

அன்வரி பேகம் யோகாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் மூன்றாவது டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவாடி கண்ணு, பொரை ஏறிடப் போவுது! நோன்பு வெச்ச என் பேத்தியே இவ்ளோ குடிக்கல, உனக்கு இன்னா அவசரம்?"

யோகா டம்ளரைக் கீழே வைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள். ஷிபா முந்திக்கொண்டாள்.

"அவளும் நோன்புதான் தாதிமா. நான் தனியா இருந்தா அழுதுடுவேன்னு எனக்குத் துணைக்கு இருந்தா. அவ டிபன் பாக்ஸையும் விஷ்ணுதான் தின்னான்."

சைராவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அடிப்பாவி, காலையிலேருந்தா? அப்ப கஞ்சிக்கு உப்புப் பார்த்தது யாரு?"

யோகா, ரெண்டாவது கோப்பையை வழித்துக்கொண்டிருந்த தம்பியைக் காட்டினாள்.

"இவன்தான் ஆன்ட்டி. மொத ரெண்டு ஸ்பூனையும் பூந்தொட்டியில துப்பிட்டான். மூணாவதைத்தான் முழுங்கினான்."