தைலம் பூசாத முழங்கால்

மொன்றியலில் இருந்து ஒரு மணித்தியாலம் காரில் வந்தால் இருக்கிற மேப்பிள் காட்டில் இப்போதுதான் விடிகிறது. மரத்தோடு சேர்த்து அடித்த பலகைத் தட்டில் பேரின்பநாதனும் மனைவி புஷ்பவதியும் வேட்டைக்காரரின் செம்மஞ்சள் மேலங்கிகளோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். நவம்பர்க் குளிர் அவருடைய முழங்காலைக் கடிக்கிறது. போன வருஷம் இதே குளிருக்குத் தைலத்தை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தார். அந்த மணத்துக்கு ஒரு மான்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின வருஷம் மான் வந்தது, அவசரப்பட்டுச் சுட்டதில் மரப்பட்டைதான் தெறித்தது. இப்போது கீழே பனி பிடித்த சருகு நொறுங்குகிறது. முதலில் கொம்பு, பிறகு மூக்கில் இருந்து புகைபோல வரும் மூச்சு. புஷ்பவதி அவருடைய கையைப் பிடிக்கிறாள். "இஞ்சேருங்கோ, சுடுங்கோவன்." "கொஞ்சம் பொறும்," என்று அவருடைய உதடு மட்டும் அசைகிறது. மானின் பாதி உடம்பு மரத்துக்குப் பின்னால் நிற்கிறது. அவருக்கு முழங்கால் நடுங்குகிறது; துவக்கு நடுங்கவில்லை. முதல் வெயில் சருகில் விழ, மான் தலை குனிந்தபடி வெளியே வந்து முழு உடம்பையும் காட்டி நிற்கிறது. வெடிச்சத்தம் காடெல்லாம் உருண்டு ஓய்கிறது. மான் நின்ற இடத்திலேயே சரிந்து கிடக்கிறது. பேரின்பநாதன் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். புஷ்பவதி மேலங்கிக்குள் கையை விட்டு, பொலித்தீன் பைகளில் இறுக்கிச் சுற்றிய ஒரு சின்னப் போத்தலை எடுத்து நீட்டுகிறாள். "இந்தாங்கோ, இனிப் பூசுங்கோ."