மொட்டில்லாத காது

அந்த ஆண்டு ஜெசிந்தாவின் அறைக்கு வந்த முதல் குழந்தை மதிவதனிதான். பள்ளியில் பேச்சுப் பயிற்சிக்கென்று ஒரு டீச்சர் இருப்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது. ஊரில் எல்லார் காதிலும் மொட்டு என்கிற சின்னக் கருவி இருந்தது. யார் திக்கினாலும் குழறினாலும் அது சீராக்கித்தான் காதில் போடும். காது குத்தும் அன்றைக்கே குழந்தைகளுக்கு மாட்டிவிடுவார்கள்.

இரண்டாம் வகுப்புப் பெண், யாரும் அனுப்பாமல் தானாக வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கிழம எங்க தம்பிப் பாப்பாவுக்குப் பேர் வைக்கிறாங்க மிஸ். அத்தை வரலயாம். அவன் காதுல நான்தான் மூணு வாட்டி பேரச் சொல்லணும். மொட்டக் கழட்டிட்டு சொல்லிப் பாத்தேன், சரியாவே வரல."

கணீரென்ற பேச்சு. இதில் என்ன வரவில்லை? ஜெசிந்தாவுக்கு ஆவல் தாங்கவில்லை. தன் மொட்டையும் கழற்றி மேசையில் வைத்தாள். பள்ளிக்கூடத்தின் இரைச்சல் முழுசாக வந்து வெறுங்காதில் மோதியது.

"என்ன பேரு? சொல்லு பாப்போம்."

"தபிலன்."

"கபிலனா?"

மதிவதனி தலையாட்டினாள். ஏழு வருஷமாக அவள் வாயில் 'க' வந்ததே இல்லை. பெற்றவளுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

"எங்க எல்லாருக்கும் கபிலன்னு சரியாத்தானே கேக்கப்போகுது? அப்புறம் என்ன கண்ணு?"

இதுகூடவா தெரியாது என்பதுபோல் அவள் டீச்சரைப் பார்த்தாள்.

"தம்பி தாதுல மொட்டு இல்லையே மிஸ்."